நீலப் பட்டை இருப்பதால் மட்டும் போல்ட் பூட்டிக்கொள்ளாது

ஒருமுறை நாங்கள் அனுப்பிய போல்ட்டுகள் ஒரு பெட்டி நிறையத் திரும்பி வந்தன. கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. அதற்குள் நூல் நூலாகச் சுருண்ட நீல நைலான். "உங்கள் பேட்ச் உரிந்து வருகிறது" என்று புகார்.

மரையில் நைலான் பூசி, தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும் போல்ட் தயாரிப்பதுதான் என் வேலை. அந்த நைலான் பூச்சைத்தான் பேட்ச் என்கிறோம். புகார் வந்ததும் முதலில் அந்த நூலைத்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகு போல்ட்டை லென்ஸின் கீழ் வைத்தேன். மரையின் அடிப்பள்ளத்தில் நைலான் அப்படியே கெட்டியாக ஒட்டியிருந்தது. மேல்பக்கம் மட்டும் சீவப்பட்டிருந்தது. பூச்சு சரியாக ஒட்டாமல் போனால் இப்படி இருக்காது. செதில் செதிலாக மொத்தமாகப் பெயர்ந்து, அடியில் வெறும் உலோகம் பளபளக்கும். ஆக, எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த பாகத்தில் டேப் போட்ட (உள்ளே மரை வெட்டிய) துளைகளில் பலவற்றுக்கு வாயில் சேம்பரே, அதாவது விளிம்புச் சரிவே, இல்லை. கூரான விளிம்பு கத்தியைப் போல நைலானைச் சீவி எடுத்திருக்கிறது. துளையின் வாயைச் சரித்துக் கொடுத்ததும் பிரச்சினை நின்றது.

எப்போதும் தப்பு அந்தப் பக்கமே என்று சொல்ல வரவில்லை. இன்னொரு லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) தப்பு எங்களுடையது. பிளேட்டிங் (உலோகப் பூச்சு) முடிந்து வந்த போல்ட்டுகளில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. நாங்கள் கழுவியது போதவில்லை. பார்வைக்கு எல்லா பேட்ச்சும் அழகாகத்தான் இருந்தன. நட்டில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு சுற்றில் பேட்ச் முழுதாகக் கழன்று வந்தது. நல்ல பேட்ச்சும் கெட்ட பேட்ச்சும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதைப் பொருத்துபவர், வாங்குபவர், வடிவமைப்பவர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்முறை கேட்க எளிது. கழுவி உலர்த்திய போல்ட் கன்வேயரில் வரிசையாக நகர்ந்து இண்டக்‌ஷன் காயிலை, அதாவது மின்காந்தப் புலத்தால் உலோகத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளை, கடக்கும். மரைப் பகுதி மட்டும் சில நொடிகளில் சூடேறும். உடனே ஒரு நாசில் காற்றோடு சேர்த்து நைலான் தூளை ஊதும். தூளை உருக்குவது போல்ட்டில் இருக்கும் சூடுதான். பட்ட இடத்தில் உருகி, மரையின் பள்ளத்தை நிரப்பி, ஆறியதும் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது நைலான் 11. அது ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது என்று சொன்னால் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நம்புவதே இல்லை. 190 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். நைலான் 66 உருக 260 டிகிரி வரை போக வேண்டும். ஈரத்தையும் நைலான் 11 நைலான் 66-ஐவிடக் குறைவாகவே உறிஞ்சும்.

சூடுதான் இதில் எல்லாம். குறைந்தால் தூள் மேலே மட்டும் உருகி, அடியில் மாவாகவே நிற்கும்; அப்படிப்பட்ட பேட்ச் முதல் தடவையே பெயர்ந்துவிடும். கூடினால் நைலான் பழுப்பேறி நொறுங்கும் தன்மைக்குப் போகும். துத்தநாகப் பூச்சின் மேல் இருக்கும் பழைய வகை மஞ்சள் குரோமேட் படலம் 70 டிகிரி அளவிலேயே பாழாகத் தொடங்கும். அதன் துருத்தடுப்பு பாதிக்கப்படும். ஆகவே பிளேட்டிங் எந்த வகை என்று கேட்காமல் பேட்ச் போடுவது சரியல்ல. 8.8, 10.9 வலிமை வகை போல்ட்டுகளைப் பதப்படுத்தும்போது குறைந்தது 425 டிகிரியில் டெம்பர் செய்திருப்பார்கள், அதாவது கடினப்படுத்திய பின் மறுபடி சூடாக்கியிருப்பார்கள். கன்வேயர் நின்று போல்ட் காயிலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் வெப்பம் அதையும் தாண்டலாம். அப்புறம் போல்ட்டின் வலிமையே குறைந்துவிடும். எங்களிடம் லைன் நின்றால் காயிலுக்குள் இருந்த போல்ட்டுகள் நேராக ரிஜெக்ட் பெட்டிக்குத்தான். எத்தனை அவசர ஆர்டராக இருந்தாலும் அதில் சமரசம் கிடையாது.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலான் தூள் பார்க்கச் சாதுவாக இருக்கும். காற்றில் புகைபோலக் கலந்துவிட்டால் ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது அது. சிதறும் தூளை உறிஞ்சும் அமைப்பு ஓடாமல் நாசிலைத் திறக்கக் கூடாது. மெஷினுக்கு எர்த் இருக்க வேண்டும். தரையில் படிந்ததைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது. வேலை முடிந்த களைப்பில் செய்யும் இந்த ஒரு காரியம்தான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

சரி, பூசிய பேட்ச் என்ன செய்கிறது? போல்ட்டை ஓட்டும்போது நைலான் நசுங்கி மரைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அடைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பூசியிருந்தால் எதிர்ப்பக்கத்து மரையைத் துளையின் மரையோடு அழுத்தியும் பிடிக்கிறது. போல்ட் தலை இன்னும் எதன் மீதும் உட்காராதபோதே சுழற்றுவதற்கு ஒரு எதிர்ப்பு தெரியும். அதைத்தான் பிரிவெய்லிங் டார்க் என்கிறோம் (டார்க் என்றால் முறுக்குவிசை). முதல் ஒன்றிரண்டு மரையைப் பூசாமல் விடுவது கையால் பிடித்து ஆரம்பிப்பதற்காக.

இங்கேதான் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. பேட்ச் இருந்தால் போல்ட் தளரவே தளராது என்று நினைக்கிறார்கள். கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைத் தெளிவாகக் காட்டினார்: இணைத்த பாகங்கள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் வழுக்கினால், மரையில் இருக்கும் உராய்வு சுழற்சியைத் தடுக்க முடியாமல் போய், போல்ட் தானாகவே திரும்பிக் கழலும். அவர் வழியில் வந்த அதிர்வுச் சோதனையில் நைலான் பேட்ச் போட்ட போல்ட்டை வைத்தால், இறுக்கம் பெருமளவு போய்விடும். அதற்குப் பிறகு பேட்ச்சின் பிடிப்பில் போல்ட் அங்கேயே நின்றுவிடும், கீழே விழாது. அதாவது பேட்ச் காப்பது போல்ட்டை, இறுக்கத்தை அல்ல. விழாமல் இருப்பதே பல இடங்களில் உயிர் காக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இறுக்கம் போகவே கூடாத இணைப்பு என்றால் பாகம் வழுக்காத அளவுக்குப் போதிய இறுக்கம், நீளமான போல்ட், மரையில் ஒட்டும் பசை வகை என்று வேறு வழிகளை யோசிக்க வேண்டும்.

இதையொட்டி டார்க் கணக்கிலும் ஒரு தப்பு நடக்கிறது. ரெஞ்ச் 30 நியூட்டன் மீட்டரில் கிளிக் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 பேட்ச்சின் எதிர்ப்பைத் தாண்டவே செலவாகிவிட்டால், இறுக்கத்துக்குக் கிடைப்பது 25 தான். பேட்ச் இல்லாத போல்ட்டுக்குக் குறித்த அதே டார்க்கைப் பேட்ச் போட்டதற்கும் வைத்தால், தெரியாமலே தளர்வாகப் பொருத்துகிறோம். இம்பாக்ட் கன் கொண்டு வேகமாக அடித்து ஓட்டினாலும் நைலான் உராய்வுச் சூட்டில் இளகி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து தள்ளப்பட்டுவிடும்.

இன்னொரு கேள்வி, வரைபடம் வந்ததுமே நான் கேட்பது: பேட்ச் எங்கே பிடிக்கப் போகிறது? நுனியில் பேட்ச் உள்ள போல்ட்டை மெல்லிய நட்டில் போட்டால், முழுதாக இறுக்கி முடிக்கும்போது பேட்ச் நட்டைக் கடந்து வெளியே எட்டிப் பார்க்கும். அழகான நீலம், வேலை எதுவும் இல்லை. துளையின் எந்த ஆழத்தில் மரை இருக்கிறது என்று தெரிந்தால்தான் பேட்ச்சின் இடத்தை முடிவு செய்ய முடியும். அந்த ஒரு அளவைச் சொல்லாமலேதான் பலரும் ஆர்டர் தருகிறார்கள்.

நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நீலமோ சிவப்போ, அது பூசுபவரின் தேர்வு. பலத்தைக் காட்டும் குறியீடு அல்ல. 120 டிகிரிக்கு மேல் சூடாகும் இடங்களில் நைலான் பேட்ச்சை நம்ப வேண்டாம். கழற்றியதைத் திரும்பப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: மரையில் ஒட்டும் பசை வகை ஒரு தடவைக்கு மட்டுமே. நைலான் வகையைத் திரும்பப் போடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் பிடிப்பு குறையும். அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு லாட்டிலும் சில போல்ட்டுகளை 5 முறை போட்டுக் கழற்றி, முதல் முறையும் ஐந்தாம் முறையும் கழற்ற எவ்வளவு டார்க் தேவைப்பட்டது என்று எழுதி வைக்கிறோம். சப்ளையரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். எந்த நட்டில், எந்தப் பூச்சுள்ள மரையில் சோதித்தார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் துளை அதைவிடத் தளர்வாக இருந்தால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது.