பயிற்றுநர் ஓட்டிய அப்ரோச் உங்கள் கணக்கில் சேராது

விமானத்தைக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுத்தரும் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்றுநர் தகுதிக்கான தேர்வுக்குத் தேதியும் குறித்துவிட்டு, கையெழுத்துக்காக, பறத்தல்களைப் பதிவுசெய்யும் லாக்புக்கை நீட்டும்போதுதான் தமது இன்ஸ்ட்ருமென்ட் கரன்சி (அண்மையில் அப்படி ஓட்டிய அனுபவத்தால் நிற்கும் அனுமதி) முடிந்துபோயிருப்பது பலருக்குத் தெரியவருகிறது. அண்மையில் வந்தவரின் லாக்புக்கில் 'அப்ரோச் 4' என்று வரிசையாக எழுதியிருந்தது. அப்ரோச் என்பது கருவிகளின் வழிகாட்டலில் ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவது. எந்த விமான நிலையம், என்ன வகை என்ற குறிப்பே இல்லை. விசாரித்தபோது, அவை அத்தனையையும் ஓட்டியவர் இடப்பக்க இருக்கையில் மாணவராக நடித்த பயிற்றுநர் என்று தெரிந்தது. இப்படி வருபவர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி 61.57 கேட்பது இவ்வளவுதான்: பறக்கும் மாதத்துக்கு முந்தைய 6 நாட்காட்டி மாதங்களுக்குள் 6 அப்ரோச்சுகள், ஹோல்டிங் (குறித்த இடத்தில் சுற்றியபடி காத்திருத்தல்), வழிகாட்டுக் கருவிகளைக் கொண்டு பாதையைப் பிடித்துத் தொடர்தல். இவற்றை நீங்களே, மேகத்துக்குள்ளோ, வெளியே தெரியாதபடி மறைக்கும் ஹூட் அணிந்தோ, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும். வலப்பக்கத்தில் அமர்ந்து வாய் ஓயாமல் விளக்கியதும், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் நல்ல பயிற்சிதான். ஆனால் அவை ஓட்டியதாகா. அசல் மேகத்துக்குள் மாணவர் ஓட்டும் அப்ரோச்சைப் பயிற்றுநர் தம் கணக்கில் சேர்க்கலாம் என்று எஃப்.ஏ.ஏ. சட்டப் பிரிவு விளக்கியிருப்பது உண்மை. அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு வருபவர்கள் கவனிக்க மறப்பவை இரண்டு: அந்தச் சலுகை ஏற்கெனவே தகுதி பெற்ற பயிற்றுநருக்கு உரியது (உங்களுக்கு இன்னும் அந்தத் தகுதி இல்லை); மாணவர் ஹூட் அணிந்து தெளிந்த வானில் ஓட்டினால் தகுதி பெற்றவருக்கும் அது கிடையாது.

பயிற்சிக் காலத்தில் இந்தக் குறை வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம், பைலட் இன் கமாண்ட் (விமானத்துக்குப் பொறுப்பான விமானி) என்ற பொறுப்பைப் பயிற்றுநர் ஏற்றுக்கொள்வதால் எந்தப் பறத்தலும் தடைபடாததே. தேர்வாளரோ பொதுவாக அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை, அது உங்கள் மேல்தான் விழும். அன்று மேகம் சூழ்ந்திருந்தால் உங்கள் நிலை என்ன?

மாதக் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். 6 அப்ரோச்சுகளையும் மற்றவற்றையும் மார்ச் 10 அன்று முடித்தால் கரன்சி செப்டம்பர் 30 வரை நிற்கும். அதன்பின் அடுத்த மார்ச் 31 வரை, வெளியே கண்காணிக்கும் சேஃப்டி பைலட்டுடன் ஹூட் அணிந்து பறந்தோ சிமுலேட்டரிலோ அதை மீட்டுக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் ஐ.பி.சி. எனும் திறன் சோதனையை முடிக்காமல் வழியில்லை. சிமுலேட்டர் அமர்வுக்கு அருகில் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2018-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பயிற்றுநர் கிடைக்கவில்லை என்ற சாக்கை என்னிடம் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு பாடத்திலும் ஓர் அப்ரோச்சையாவது, வலப்பக்க இருக்கையிலிருந்தே ஹூட் அணிந்து நீங்கள் ஓட்டும்படி முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். இடப்பக்கத்து கருவியைச் சாய்வாகப் பார்க்கும்போது ஊசி சற்று விலகியிருப்பதுபோல் தோன்றும். பயிற்றுநராகப் போகிறவர் அதற்கும் பழகியாக வேண்டும். ஹூட் அணிந்து ஓட்டும் அப்ரோச்சைக் குறைந்தபட்ச உயரம் வரை கொண்டுசெல்லுங்கள், பாதியில் விட்டதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தரையிறங்கிய கையோடு இடத்தையும் அப்ரோச் வகையையும், சேஃப்டி பைலட் இருந்திருந்தால் அவர் பெயரையும் எழுதிவிடுங்கள். தேர்வுத் தேதியைக் கேட்பதற்கு முன்பு, தயவுசெய்து, கடந்த 6 மாதப் பக்கங்களை ஒருமுறை புரட்டி, நீங்கள் ஓட்டியவற்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்.