ஹெர்னியா ஆபரேஷன்: கிழிச்சு பண்றதா, ஓட்டை போட்டு பண்றதா?

போன மாசம் ஓ.பி.க்கு ஒரு லோடுமேன் அண்ணன் வந்தாரு. வயசு அறுபது தாண்டிடுச்சு, முப்பது வருஷமா பீடி, நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசுனா மூச்சு வாங்குது. நிக்க வச்சு "இருமுங்கண்ணே"ன்னு சொன்னேன், வலது தொடை இடுக்குல எலுமிச்சம்பழம் அளவுக்கு புடைச்சுட்டு வந்துச்சு, படுத்ததும் தானா உள்ள போயிடுச்சு. குடலிறக்கம்தான். எந்திரிச்சு வேட்டிய கட்டிக்கிட்டே அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், கிழிக்காம லேசர்ல பண்ணிடலாம்ல?"

இதை வாரத்துல நாலு பேராவது கேக்குறாங்க. அது லேசர் இல்லங்க, கேமரா, பேரு லேப்ராஸ்கோப்பி. தொப்புள் பக்கத்துல ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை, அதுக்குக் கீழ அரை சென்டிமீட்டர்ல ரெண்டு ஓட்டை. வெளிய தெரியற காயம்தான் சின்னது, உள்ள நடக்கறது முழு ஆபரேஷன்தான்.

சைக்கிள் டயர் கிழிஞ்சு அந்த இடத்துல ட்யூப் பிதுங்கிட்டு வருமே, ஹெர்னியாவும் அப்படித்தான், அடிவயித்துச் சுவர்ல பலம் கொறஞ்ச இடம் வழியா குடலோ கொழுப்போ பிதுங்குது. முன்னெல்லாம் ரெண்டு பக்கத் தசையையும் இழுத்து வச்சு தைப்பாங்க, அந்த இறுக்கத்துலயே தையல் விட்டுப்போய் நெறைய பேருக்கு திரும்ப வந்துச்சு. 1980கள்ல அமெரிக்காவுல லிக்டென்ஸ்டீன்னு ஒரு சர்ஜன், தசைய இழுக்காம மேல பாலிப்ரொப்பிலீன் வலைய வச்சு தைக்கிற முறைய கொண்டுவந்தாரு. இன்னைக்கும் ஓப்பன்ல, அதாவது கிழிச்சு பண்றதுல, பெரும்பாலும் அதான், ஆறு ஏழு சென்டிமீட்டர் வெட்டு. லேப்ராஸ்கோப்பிலயும் வலைதான், ஆனா சுவருக்கு உள்பக்கம். சைக்கிள் கடைல டயருக்குள்ள பழைய டயர் துண்டு வச்சு காத்தடிச்சா ட்யூபே அதை அமுக்கிப் பிடிச்சுக்கும்ல, அதே மாதிரி வயித்தோட அழுத்தமே வலைய பிடிச்சுக்குது.

லேப்ராஸ்கோப்பில முதல் வாரம் வலி கொறச்சல், வேலைக்கு சீக்கிரம் திரும்பலாம், பின்னாடி மரத்துப்போறதும் நாள்பட்ட வலியும் கம்மி, இதெல்லாம் உண்மை. ஆனா பொதுவா முழு மயக்கம் குடுக்கணும், செலவு கூட, அபூர்வமா உள்ள குடல்லயோ ரத்தக் குழாய்லயோ அடிபடலாம். ஓப்பன்ல அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சே முடிச்சிடலாம், இதயமோ நுரையீரலோ பலவீனமா இருக்கறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு மயக்க டாக்டர்கிட்ட கேட்டாத் தெரியும். அந்த லோடுமேன் அண்ணனுக்கு அப்படித்தான் பண்ணோம், டேபிள்ல படுத்துட்டே பேத்தி பள்ளிக்கூடத்துல சேர்ந்த கதைய சொல்லிட்டு இருந்தாரு, சாயங்காலம் தானே நடந்து பாத்ரூம் போனாரு.

அதே நாள் வந்த ஒரு டிரைவர் தம்பிக்கு ரெண்டு பக்கமும் ஹெர்னியா, அவருக்கு நானே லேப்ராஸ்கோப்பிதான் சொன்னேன், அதே மூணு ஓட்டைல ரெண்டு பக்கத்தையும் முடிச்சிடலாம். ஓப்பன் பண்ணியும் ஹெர்னியா திரும்ப வந்தவங்களுக்கும், பெண்களுக்கும்கூட அதான் நல்லது, பெண்களுக்கு தொடைப் பக்கம் இன்னொரு ஹெர்னியா ஒளிஞ்சிருக்கலாம், உள்ள இருந்து பாத்தா நல்லா பிடிபடும். ப்ராஸ்டேட் எடுத்தவங்களுக்கு உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், அவங்களுக்கு ஓப்பன்.

எல்லாத்தையும் விட முக்கியம் பண்றவர் கை. 2004ல அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள்ல ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வச்சு நடந்த ஆய்வுல, ரெண்டு வருஷத்துல ஹெர்னியா திரும்ப வந்தது லேப்ராஸ்கோப்பில சுமார் 10 சதவீதம், ஓப்பன்ல 5. ஆனா 250க்கு மேல லேப்ராஸ்கோப்பி பண்ணி பழகின சர்ஜன்கள்கிட்ட அந்த வித்தியாசம் காணாமப் போச்சு. அதனால "சார், நீங்க இதை எத்தனை பண்ணிருக்கீங்க?"ன்னு தயங்காம கேளுங்க, இதுக்கு எந்த டாக்டரும் கோச்சுக்கக் கூடாது.

வலியே இல்லாத சின்ன ஹெர்னியான்னா ஆண்கள் டாக்டர் பார்வையில கொஞ்ச நாள் காத்திருக்கலாம், நிறைய பேர் பின்னாடி வலி வந்து எப்படியும் பண்ணிக்கிறாங்க. பெண்கள் தள்ளிப் போட வேணாம். ஆனா யாரா இருந்தாலும், புடைப்பு கல்லு மாதிரி இறுகி, படுத்தாலும் உள்ள போகாம, வலியோட வாந்தியும் வந்தா குடல் சிக்கிக்கிச்சுன்னு அர்த்தம். நீங்களா அமுக்கித் தள்ளாதீங்க, தண்ணி கூட குடிக்காம அப்பவே எமர்ஜென்சிக்கு கிளம்பிடுங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்.