ஒரு நாளைக்கு 25 பக்கம்

போன வாரம் ஒரு அப்பா எனக்கு எக்செல் ஷீட் ஒன்றை அனுப்பியிருந்தார். மகள் செப்டம்பரில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், ஏ.பி. ஐரோப்பிய வரலாறு (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) எடுத்திருக்கிறாள். ஷீட்டில் ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 31 வரை ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ‘25 பக்கம்’ என்று இருந்தது. சனிக்கிழமைதோறும் வீட்டிலேயே டெஸ்ட். கடைசி வரியில் மஞ்சள் அடித்து, ‘மனப்பாடம் செய்ய வேண்டிய தேதிகள்: 400’. கூடவே ஒரு மெசேஜ்: “பாத்துட்டுச் சொல்லுங்க மேடம், இன்னும் கொஞ்சம் கூட்டணுமா?”

கூட்டணுமாவாம்! இந்த ஜூனில் மட்டும் இப்படி வந்தது இது நான்காவது.

நியூ ஜெர்சியில் ஒரு ஹைஸ்கூலில் 12 வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் என் வகுப்பில் உட்காருகிறார்கள். அதில் ஒருவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு வந்தவன். கோடை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தான். பிரெஞ்சு ராஜாக்களை வரிசையாகச் சொல்லுவான். 1555 என்றால் ஆக்ஸ்பர்க், 1598 என்றால் நான்ட், 1648 என்றால் வெஸ்ட்பேலியா என்று பட்டனை அழுத்தினால் வருகிற மாதிரி பதில் வரும். செப்டம்பரில் முதல் ஆவணக் கட்டுரையில் 7க்கு 1 வாங்கினான். அக்டோபரில் சாதாரண வகுப்புக்கு மாறிப் போய்விட்டான். சோம்பேறிப் பையன் என்றால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. அந்த வகுப்பிலேயே அதிகம் உழைத்தவன் அவன்தான். தப்பான இடத்தில் உழைத்துவிட்டான், அவ்வளவுதான். அந்த இடத்தைக் காட்டியது பெரியவர்கள்.

சரி, தேர்வு எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? மே மாதத்தில் 3 மணி 15 நிமிடம். 55 கொள்குறி வினாக்கள், 55 நிமிடம், 40 சதவீதம். மூன்று குறுவினாக்கள், 40 நிமிடம், 20 சதவீதம். ஏழு ஆவணங்களைக் கொடுத்து அவற்றைக் கொண்டு எழுதச் சொல்லும் கட்டுரை (பிள்ளைகள் டி.பி.க்யூ. என்பார்கள்), 60 நிமிடம், 25 சதவீதம். கடைசியாக ஆவணம் எதுவும் தராமல் ஒரு நீள் கட்டுரை, 40 நிமிடம், 15 சதவீதம். இதில் ‘வெஸ்ட்பேலியா உடன்படிக்கை எந்த ஆண்டு?’ என்ற கேள்வி எங்கே வரும்? எங்கேயும் வராது. கொள்குறி வினாக்கள்கூட ஒரு பழைய கடிதம், ஒரு ஓவியம், ஒரு அட்டவணை என்று எதையாவது முன்னால் வைத்துவிட்டு அதைப் பற்றி மூன்று நான்காகத்தான் வருகின்றன. அந்த ஆவணத்தில் ஆண்டும் பெரும்பாலும் அச்சடித்தே இருக்கும். நீங்கள் பிள்ளையை மனப்பாடம் செய்ய வைப்பதைத் தேர்வுத்தாளே கையில் கொடுத்துவிடுகிறது.

இதைச் சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: “அப்போ தேதியே வேண்டாமா மேடம்?” வேண்டும். எது முன்னால், எது பின்னால் என்று தெரிகிற அளவுக்கு வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூதர் முன்னால், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் மோதிய முப்பதாண்டுப் போர் பின்னால். பிரெஞ்சுப் புரட்சி முன்னால், நெப்போலியன் பின்னால், வியன்னா மாநாடு அதற்கும் பின்னால். இது ஒரு கதையின் வரிசை, கதை தெரிந்தால் வரிசை தானே வந்துவிடும். ராமன் காட்டுக்குப் போனது முதலிலா, வாலி வதம் முதலிலா என்று யாராவது ஃப்ளாஷ் கார்டு போட்டுப் படித்தோமா?

என்னிடம் வருகிற ஃப்ளாஷ் கார்டு பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முப்பதாண்டுப் போரில் பிரான்ஸை நடத்தியவர் ரிஷலியூ. அவர் கத்தோலிக்க கர்தினால். அவர் 1631இல் லூதரன் நாடான ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்து, கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிராகச் சண்டை போட வைத்தார். ஏன்? கார்டில் இதற்குப் பதில் இருக்காது. அந்தப் பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஒரு பக்கம் ஸ்பெயினிலும் இன்னொரு பக்கம் ஆஸ்திரியாவிலும் உட்கார்ந்து நடுவில் பிரான்ஸை நெருக்கிக்கொண்டிருந்தது என்று வரைபடத்தைப் பார்த்த பிள்ளை ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தப் போர் வெஸ்ட்பேலியாவில் முடிந்த 1648 தானாக ஒட்டிக்கொள்ளும்.

இனி, அந்தப் பையன் 1 வாங்கிய கட்டுரைக்கு வருகிறேன். தலைப்பு 1525இல் ஜெர்மன் நிலங்களில் நடந்த குடியானவர் போர். நான் கொடுத்த ஆவணங்களில் ஒன்று, மெம்மிங்கன் ஊரில் குடியானவர்கள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகள். முதல் கோரிக்கையே எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்பது. மூன்றாவது, கிறிஸ்து எல்லோருக்காகவும்தானே ரத்தம் சிந்தினார், பிறகு எங்களை எப்படி அடிமையாக வைத்திருக்கலாம் என்று கேட்பது. இரண்டாவது ஆவணம் அதே ஆண்டு லூதர் எழுதியது. கிளர்ச்சி செய்யும் குடியானவர்களை வெட்டுங்கள், குத்துங்கள் என்று பிரபுக்களைத் தூண்டுகிற துண்டுப் பிரசுரம்.

பையன் என்ன செய்தான் தெரியுமா? லூதர் 1483இல் பிறந்தார், 1517இல் 95 கருத்துரைகளை வெளியிட்டார், 1521இல் வோர்ம்ஸ் சபையில் பேரரசர் முன்னால் பின்வாங்க மறுத்து நின்றார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினான். எல்லாம் சரி. கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பிரபுக்களை எதிர்த்து நின்ற குடியானவர்கள் பேசுவது லூதரின் மொழி. வேதத்தைக் காட்டித்தான் உரிமை கேட்கிறார்கள். அந்த லூதரே அவர்களுக்கு எதிராக எழுதுகிறார் என்றால் ஒரு கணம் திடுக்கிட வேண்டாமா? யார் எழுதுகிறார், யாருக்கு எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார் என்று கேட்க வேண்டாமா? வோர்ம்ஸுக்குப் பிறகு லூதரை வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் சாக்ஸனியின் இளவரசர் பிரெடரிக். இது அந்தப் பையனுக்குத் தெரியும், கார்டில் இருந்தது! அந்தக் கார்டையும் இந்த ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. ஏழு மதிப்பெண்ணில் ஒன்று, குறைந்தது இரண்டு ஆவணங்களுக்காவது எழுதியவரின் பார்வை, நோக்கம், சூழல், வாசகர் என்று ஏதாவது ஒன்றை எடுத்து அது ஏன் முக்கியம் என்று விளக்குவதற்கே தருகிறார்கள்.

(ஒரு கொசுறு. 1525 ஏப்ரலில் லூதர் எழுதிய முந்தைய பிரசுரத்தில் பிரபுக்களையும் சேர்த்துத்தான் திட்டியிருக்கிறார். சில வாரங்களில் தொனி தலைகீழ். இதை ஒருவன் கட்டுரையில் எழுதினால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.)

அப்படியானால் கோடையில் என்னதான் செய்வது? நான் சொல்வது கொஞ்சம்தான்.

முதலில் வரைபடம். 1500, 1648, 1815, 1914, 1945, அப்புறம் இன்று. ஆறு படங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று பிள்ளை கையால் வரையட்டும், அழகாக இருக்க வேண்டியதில்லை. 1871க்கு முன்னால் ஜெர்மனி என்ற நாடு கிடையாது, 1861 வரை இத்தாலி கிடையாது என்பதை வரைந்து பார்த்த பிள்ளை மறக்காது. போலந்து 1772, 1793, 1795 என்று மூன்று முறை துண்டு போடப்பட்டு படத்திலிருந்தே காணாமல் போய், 1918இல் திரும்பி வருகிறது. இதை எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் டிசம்பர் தேர்வில் ‘1848இல் போலந்து அரசாங்கம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தலைவலி வருவது இதனால்தான்.

அடுத்தது, நம் வீடுகளுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல். இதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் சொல்லாது. இந்துக் குடும்பத்திலிருந்தோ முஸ்லிம் குடும்பத்திலிருந்தோ வரும் பிள்ளைக்குப் போப் யார் என்று ஒரு மாதிரி தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பிஷப் என்றால் யார், துறவி என்றால் யார், ஞானஸ்நானம் எதற்கு, திருப்பலியில் என்ன நடக்கிறது, பாவமன்னிப்புச் சீட்டு விற்றால் ஏன் ஒருவருக்குக் கோபம் வர வேண்டும்? எல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் லூதரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டு, நற்கருணை அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் உண்மையிலேயே இருக்கிறதா என்ற ஒன்றில் பிரிந்தார்கள். அந்த அப்பம் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு அது ‘வெறும் ரொட்டிச் சண்டை’. வகுப்பில் அப்படி ஒரு பெண் கேட்டே விட்டாள்: “ரொட்டிக்காகவா மிஸ்?” கேட்டது நல்லது, கேட்காமல் மனப்பாடம் செய்கிறவர்கள்தான் அதிகம். பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கும் ஒரு லூதரன் கோயிலுக்கும் ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றில் என்ன இருக்கிறது, இன்னொன்றில் என்ன இல்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். மதம் மாறிவிட மாட்டார்கள், கவலைப்படாதீர்கள்.

கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். மயிலாடுதுறைப் பக்கம் சொந்தம் இருந்தால் தரங்கம்பாடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி அங்கே வந்து இறங்கிய மதபோதகர் சீகன்பால்கு, ஜெர்மானியர், லூதரன் சபைக்குள் எழுந்த ஹாலே நகரத்துப் பக்திநெறி இயக்கத்தோடு சேர்ந்தவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து 1715இல் முடித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் இருக்கிறது, அவர் கல்லறையும் உள்ளேதான். டென்மார்க் ராஜா ஏன் ஜெர்மன்காரரை அனுப்பினார், வந்த உடனே ஏன் அச்சகத்துக்கு அலைந்தார், ஏன் சாமானிய மக்கள் மொழியில் வேதம் வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம்? இந்த மூன்றுக்கும் பதில் தேடினால் சீர்திருத்த இயக்கம் என்ற பாடத்தில் பாதி முடிந்தது. திரும்பும்போது மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

மூன்றாவது, வாரத்துக்கு ஒரு மூல ஆவணம். ஒரு பக்கம் போதும், இரண்டு பக்கம் அதிகம். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் இணையதளத்தில் பழைய கட்டுரைக் கேள்விகளும், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும், எதற்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்ற விளக்கமும் இலவசமாகவே கிடக்கின்றன. பாடத்திட்டமும் அங்கேயே இருக்கிறது. இதற்குப் போய் ஆயிரம் டாலர் கோடை முகாமில் சேர்ப்பவர்களை என்ன சொல்வது!

அப்புறம், ஹிட்லர் நிபுணர்களுக்கு ஒரு வார்த்தை. வருடத்துக்கு நான்கு பையன்களாவது வருகிறார்கள். டாங்கி மாடல் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். தம்பி, பாடத்தில் ஒன்பது அலகுகள். ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 சதவீதம்தான். இரண்டு உலகப்போர்களும் ஸ்டாலினும் முசோலினியும் சேர்ந்தே ஒரு அலகு. டாங்கியைப் பற்றி ஒரு கேள்விகூட வராது. தொழிற்புரட்சியைப் படி.

இன்னும் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி கோடை வேலை கொடுத்திருந்தால் அதை ஜூலையில் முடியுங்கள். நியூ ஜெர்சியில் பெரும்பாலும் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) முடிந்துதான் பள்ளி, ஆனால் டெக்சாஸில் பல இடங்களில் ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும் என்பதை அங்கே இருப்பவர்கள் மறந்து, கடைசி இரவில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். ஆவணத்தை ஏ.ஐ.யிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கிப் படிப்பது படிப்பே இல்லை, அந்தக் கடினமான வாக்கியங்களோடு மல்லுக்கட்டுவதுதான் பயிற்சி. வீடியோக்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுவிட்டு ‘யூனிட் 3 முடிஞ்சது’ என்று டிக் அடிக்காதீர்கள். 2025 முதல் தேர்வு முழுக்கக் கணினியில்தான், டைப் செய்யத் தடுமாறும் பிள்ளைக்கு அதையும் பழக்குங்கள். கைகூப்பிக் கேட்கிறேன், சனிக்கிழமை டெஸ்ட் வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளை கோடையில் கொஞ்சம் நீச்சல் அடிக்கட்டும்.

எக்செல் அப்பாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ இந்த ஷீட்டை என்ன மேடம் பண்றது?” என்றார். அவருக்கு அந்த ஷீட் மேல் அவ்வளவு பிரியம். தூக்கிப் போட வேண்டாம், தேதிகளை எடுத்துவிட்டு வாரத்துக்கு ஒரு வரி வையுங்கள், தலைப்பை மட்டும் மாற்றுங்கள் என்றேன். யார், யாருக்கு, எப்போது, எதற்காக. முதல் வாரத்துக்கு லூதரின் அந்தப் பிரசுரத்திலிருந்து அரைப்பக்கம் அனுப்பிவைத்தேன்.

நேற்று ராத்திரி ஷீட் திரும்பி வந்தது. முதல் வரியை மகள் நிரப்பியிருந்தாள். ‘எதற்காக’ என்ற கட்டத்தில், எழுத்துப்பிழையோடு தமிழிலேயே எழுதியிருந்தாள்: ‘பிரபுங்க இல்லன்னா இவரு எப்பவோ செத்துருப்பாரு’.

அவள் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். அப்பாவுக்குத்தான் கொஞ்சம் பதற்றம்.