ஒரு ரூபாய்க்கு எம்.எல்.ஏ.வின் தேர்தல் கணக்கைப் பார்க்கலாம்

தேர்தலில் நின்ற வேட்பாளர் எவ்வளவு செலவு செய்தார், அந்தப் பணம் அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்ற கணக்கை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தேர்தல்களை நடத்துவதற்கான 1961-ஆம் ஆண்டு விதிகளில் 88-ஆவது விதி இந்த உரிமையைத் தருகிறது. பார்வையிடக் கட்டணம் ஒரு ரூபாய். சான்றொப்பம் இட்ட நகல் வேண்டுமானால் அதற்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் கட்டணம் தனி. அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்றுகூட விதி கேட்கவில்லை. புதுச்சேரியின் பாகூர்க்காரர் கடலூர் வேட்பாளரின் கணக்கைப் பார்க்கலாம், கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடிக்காரர் புதுச்சேரி வேட்பாளரின் கணக்கைப் பார்க்கலாம்.

எங்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் தேர்தல் பணத்தைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. எந்தத் தெருவில் என்றைக்குப் பணம் இறங்கியது, ஓட்டுக்கு எவ்வளவு, யார் வீட்டுக்கு டோக்கன் வராமல் போனது எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதே வேட்பாளர் கையெழுத்துப் போட்டு அரசிடம் ஒப்படைத்த கணக்கைப் பார்த்தவர் யாரும் இல்லை. நானும் பல தேர்தல்கள் வரை பார்த்ததில்லை. அப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாமல் இருந்தேன்.

முதலில் உச்சவரம்பு. 2022 ஜனவரியில் உயர்த்தியபடி, சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். புதுச்சேரியில் 28 லட்சம். மக்களவைத் தேர்தல் என்றால் தமிழ்நாட்டில் 95 லட்சம், புதுச்சேரியில் 75 லட்சம். ஆக, கடலூரிலிருந்து பஸ்ஸில் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினாலே சட்டம் அனுமதிக்கும் தொகை மாறிவிடுகிறது.

28 லட்சம் குறைவாகத் தெரியலாம். ஆனால் புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். சராசரியாக ஒரு தொகுதியில் 33 ஆயிரம் பேர். தலைக்கு 85 ரூபாய் அளவுக்குச் சட்டப்படியே செலவு செய்யலாம். தமிழ்நாட்டில் 2021-ல் 6.28 கோடி வாக்காளர்கள், 234 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு 2.68 லட்சம் பேர், தலைக்கு 15 ரூபாய். சின்னத் தொகுதியில் சில நூறு ஓட்டுகள் முடிவை மாற்றிவிடும். ஒவ்வொரு தெருவிலும் யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராகத் தெரியும். பணம் கொடுப்பவருக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011-ல் முடிந்த பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக அடுத்த தேர்தல் நடக்கவில்லை. கவுன்சிலர் இல்லாத ஊரில் சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், முதியோர் பென்ஷன் நின்றாலும் மக்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் கை நீள வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வந்துவிடுகிறது. ஆனால் சட்டம் கணக்குக் கேட்பது வேட்புமனு நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைக்கும்தான். மீதி நாலே முக்கால் வருஷத்துக்கும் மேல் எந்தக் கணக்கிலும் வராது. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

சரி, கணக்கில் என்ன இருக்கும்? வேட்பாளர் மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். தேர்தல் முடியும்வரை ஒரே ஆளுக்கோ நிறுவனத்துக்கோ மொத்தமாக 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. பதிவேட்டில் மூன்று பகுதிகள்: தினச் செலவு வெள்ளைத் தாளில், ரொக்கம் இளஞ்சிவப்புத் தாளில், வங்கி வரவு செலவு மஞ்சள் தாளில். டீ, சாப்பாடு, நாற்காலி, ஷாமியானா, மைக் செட், வண்டி வாடகை என ஒவ்வொன்றுக்கும் மாவட்ட அளவில் விலைப் பட்டியல் இருக்கும். அந்த விலைக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அதிகாரிகள் தங்கள் பங்குக்கு ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். கூட்டத்தை வீடியோ எடுத்து, எத்தனை நாற்காலி, எத்தனை வண்டி என்று எண்ணி அதில் எழுதுவார்கள். பிரசாரம் நடக்கும்போதே, தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் மூன்று முறை இரண்டையும் ஒப்பிடுவார். வித்தியாசம் இருந்தால் வேட்பாளருக்கு நோட்டீஸ் போகும்.

கணக்கைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் வரவுப் பக்கத்தைத் திருப்புங்கள். சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு, வேறு தனிநபர்களோ நிறுவனங்களோ கடனாகவும் நன்கொடையாகவும் கொடுத்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். பெயரும் இருக்க வேண்டும். தேர்தலுக்குப் பணம் போட்டவர் சும்மா இருக்கமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். "போட்டதை எடுக்க வேண்டாமா?" என்று வெளிப்படையாகவே கேட்பவர்கள் உண்டு. சாலை ஒப்பந்தம், பார் உரிமம், மனைப்பிரிவு அனுமதி, வேலைக்குப் பரிந்துரை என்று அது வெவ்வேறு வழியில் திரும்பும். வரவுப் பக்கத்தில் ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு உங்கள் ஊர்ச் சாலை ஒப்பந்தம் யாருக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். இரண்டும் ஒரே பெயராக இருந்தால் அது மட்டுமே குற்றத்துக்கு ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் கேள்வி கேட்க அது போதும்.

கணக்கில் வராதவையும் நிறைய. அங்கீகரிக்கப்பட்ட கட்சி, நட்சத்திரப் பேச்சாளர்கள் என்று 40 பேர் வரை பட்டியல் கொடுக்கலாம். அவர்களின் பயணச் செலவு, ஹெலிகாப்டராகவே இருந்தாலும், வேட்பாளர் தலையில் ஏறாது. வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ அவர் பெயரும் படமும் அங்கே இருந்தாலோதான் கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் கணக்குக்கு வரும். கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரத்துக்கு உச்சவரம்பே கிடையாது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் ஆணையத்திடம் கணக்கு மட்டும் கொடுத்தால் போதும். வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே கன்வர் லால் குப்தா வழக்கில் சொன்னது. அதே ஆண்டு கட்சிச் செலவுக்கு விலக்கு கொடுத்துச் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கினார்கள். 2003-ல்தான் அந்த விலக்கைக் கொஞ்சம் குறுக்கினார்கள். கட்சிச் செலவுக்கும் ஓர் உச்சவரம்பு வரும்வரை வேட்பாளரை மட்டும் கட்டுப்படுத்துவது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து போடுவதுதான்.

தமிழ்நாட்டில் இல்லாமல் புதுச்சேரியில் உள்ள ஒரு விஷயம்: சட்டமன்றத்தில் 30 பேர் போக, மத்திய அரசு நியமிக்கும் 3 உறுப்பினர்களும் உண்டு. அவர்களும் ஓட்டுப் போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் தேர்தலில் நிற்பதில்லை, அதனால் காட்டுவதற்குச் செலவுக் கணக்கும் இல்லை.

கட்சிகளுக்கு வரும் பணத்தில் ஒரு பெரிய மாற்றம் 2024-ல் நடந்தது. 2018 ஜனவரியில் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், அதாவது வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் திட்டத்தில், யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாது. கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்றிருந்த வரம்பையும் 2017-லேயே எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பத்திரத் திட்டத்தையும் அந்த வரம்பை எடுத்த திருத்தத்தையும் ரத்து செய்தது. பணம் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால்தான் அந்தப் பணத்துக்குக் கைமாறு ஏதும் நடந்ததா என்று வாக்காளர் எடைபோட முடியும் என்பது தீர்ப்பின் சாரம். பிறகு வெளியான பட்டியலில், மிக அதிகமாக 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது கோவையோடு தொடர்புடைய ஒரு லாட்டரி நிறுவனம் என்று தெரிந்தது. அதிலிருந்து 509 கோடி தங்களுக்கு வந்ததை தி.மு.க. ஆணையத்திடம் சொல்லியிருந்தது. எல்லாக் கட்சிகளிலும் பத்திரம் மூலம் அதிகம் பெற்றது பா.ஜ.க. இப்போது 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுப்பவரின் பெயரைக் கட்சிகள் ஆணையத்துக்குத் தர வேண்டும். அதற்குக் கீழே பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் பெயர் வெளியே வராது.

இனி நாள் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள், வென்றவர், தோற்றவர், டெபாசிட் போனவர் எல்லோரும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம், அதாவது கலெக்டரிடம், கணக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலோ, முறைப்படி கொடுக்காவிட்டாலோ, ஆணையம் அவரை 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதியின் உம்லேஷ் யாதவ், செய்தி வேஷத்தில் வந்த காசு கொடுத்த விளம்பரத்தைக் கணக்கில் காட்டாததால், 2011 அக்டோபரில் எம்.எல்.ஏ.வாக இருக்கும்போதே தகுதி இழந்தார்.

உச்சவரம்பை மீறுவதும், ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஊழல் நடவடிக்கைகள். அந்தத் தொகுதியின் வாக்காளர் யாராக இருந்தாலும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போடலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னை உயர் நீதிமன்றம்தான். வைப்புத்தொகை 2 ஆயிரம் ரூபாய். ஆனால் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் போட்டாக வேண்டும். கணக்கு கொடுக்க 30 நாள் என்பதால், கடைசி நாளில் கொடுத்தால் நமக்கு மிஞ்சுவது 15 நாள். அதற்குள் பார்த்து, நகல் வாங்கி, வக்கீலைப் பிடித்து, மனு தயாரிக்க வேண்டும். இது ரொம்பக் குறைவு. கணக்கு வந்த நாளிலிருந்து எண்ணும்படி இதைத் திருத்த வேண்டும் என்பேன்.

தேர்தல் நேரத்தில் பணப் பட்டுவாடாவைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பது ஆணையத்தின் இலக்கு. 1950 என்ற தொலைபேசி எண்ணுக்கும் சொல்லலாம். பணம் வாங்குவதும் குற்றம்தான்: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. 2019-ல் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். பண்ருட்டி முந்திரி வியாபாரிகளும் துறைமுகத்து மீன் வியாபாரிகளும் 50 ஆயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பில், வங்கிச் சீட்டு கையில் வைத்திருங்கள். பிடித்துவிட்டால், காகிதங்களைக் காட்டித் திரும்பப் பெற மாவட்ட அளவில் மூன்று பேர் குழு உண்டு.

நான் முதல்முறை கணக்கைப் பார்க்கக் கேட்டபோது, அந்த அலுவலகத்தில் "நீங்க எந்தக் கட்சிங்க?" என்றுதான் கேட்டார்கள். எந்தக் கட்சியும் இல்லை என்றதும் இன்னும் சந்தேகம். அப்புறம் விதி எண்ணை எழுதிக் கொடுத்த பிறகுதான், மறுநாள் வரச் சொல்லி மேஜையில் கணக்குக் காகிதக் கட்டுகளை வைத்தார்கள். அதனால் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்: "மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 78-ன்படி இந்தத் தொகுதி வேட்பாளர்கள் தாக்கல் செய்த தேர்தல் செலவுக் கணக்குகளை, தேர்தல்களை நடத்துவதற்கான 1961-ஆம் ஆண்டு விதிகளின் 88-ஆவது விதிப்படி பார்வையிட அனுமதி வேண்டுகிறேன். கட்டணம் ஒரு ரூபாய் இத்துடன் செலுத்துகிறேன். சான்றொப்பம் இட்ட நகலும் தேவை, அதற்குரிய கட்டணத்தைத் தெரிவிக்கவும்." தொகுதியின் பெயரும் தேர்தல் நடந்த ஆண்டும் மேலே இருக்கட்டும். உங்கள் கையில் உள்ள பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 45 நாளுக்குள் எப்போது கேட்டீர்கள் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.