ஷேடோ கோப்பு: பெயரும் பொருளும்

லினக்ஸ், யூனிக்ஸ் வகைச் சேவையகங்களில் பயனர்களின் கடவுச்சொல் ஹாஷையும் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, திருப்பிப் பெற முடியாத எழுத்துச் சரம்) அதன் காலக்கெடு விவரங்களையும் வைத்திருக்கும் கோப்பு ஷேடோ. அமைப்புக் கோப்புகள் உள்ள எட்சி அடைவில், பயனர் கணக்குகளின் பட்டியலான பாஸ்வேர்டு கோப்பு இருக்கும் அதே இடத்தில் இதுவும் இருக்கும். தமிழில் நிழல் கடவுச்சொல் கோப்பு எனலாம். சுருக்கமாக, நிழல் கோப்பு.

கடவு என்றால் வழி. கடவுச்சீட்டிலும், இலங்கை வழக்கிலுள்ள பாதசாரிக் கடவையிலும் இருப்பது இதே வேர்தான். காவலைக் கடக்க உதவும் சொல் கடவுச்சொல். ரோமானியப் படையில் இரவுக் காவலுக்கான சொல்லைப் பலகையில் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல்லும் காவலரணில் கேட்கும் சொல்லாகவே புழங்கியது. ஆகவே கடவுச்சொல் மூலத்தின் பொருளைச் சரியாகவே தாங்குகிறது.

நிழல் ஏன் வந்தது என்பதற்குப் பாஸ்வேர்டு கோப்பைப் பார்க்க வேண்டும். ஒரு பயனருக்கு ஒரு வரி; வரியில் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு புலங்கள்: பயனர்பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், விவரக்குறிப்பு, முகப்பு அடைவு, ஷெல் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரல்). கோப்புகளின் உரிமையாளரை வட்டு எண்ணாகத்தான் பதிந்து வைக்கிறது. அடைவைப் பட்டியலிடும்போது எண்ணுக்குப் பதில் பெயர் தெரிய வேண்டுமானால் எல்லா நிரல்களும் இந்தக் கோப்பைப் படித்தாக வேண்டும். அதனால் அது எல்லோரும் படிக்கக்கூடியது, அனுமதி 644 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் முடியும்). ஹாஷும் அதிலேயே இருந்ததுதான் சிக்கல்.

யூனிக்ஸ் உருவாக்கத்தில் பங்கேற்ற ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, 12 பிட் சால்ட் (ஹாஷாக்கும்போது கலக்கும் தற்செயல் எண்) சேர்த்து ஒரே கடவுச்சொல்லுக்கு 4,096 வடிவங்கள் வரச்செய்ததை விளக்கியது. ஆனால் கோப்பைப் படிக்க முடிந்தவர் தன் கணினியிலேயே சொற்களை ஒவ்வொன்றாக ஹாஷாக்கி ஒப்பிட்டுப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. 1988 நவம்பரில் பரவிய இணையப் புழு இதைத்தான் செய்தது: 432 சொற்கள் கொண்ட பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த ஹாஷ்களோடு பொருத்திப் பார்த்தது. அதை எழுதியவர் அதே மோரிசின் மகன். ஹாஷை வேறு கோப்புக்கு மாற்றும் முறை 1980களின் நடுவில் சன்ஓஎஸ் என்ற யூனிக்ஸ் வகையிலும், 1988இல் இன்னொரு வகையான சிஸ்டம் ஃபைவின் 3.2 வெளியீட்டிலும் வந்தது. பாஸ்வேர்டு கோப்பின் இரண்டாம் புலத்தில் இன்று எக்ஸ் என்ற ஒற்றை எழுத்துதான் நிற்கும். ‘நிழலைப் பார்’ என்று அதற்குப் பொருள்.

மறைந்திருப்பதால் ‘மறைகோப்பு’ எனப் பெயர் வைக்கத் தோன்றலாம். அது குழப்பும்: லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்பையே மறைகோப்பு என்கிறோம். ஷேடோவோ பட்டியலில் தெரியும், படிக்க மட்டும் முடியாது. டெபியன் லினக்ஸில் அனுமதி 640 (உரிமையாளர் எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை), உரிமை ரூட் என்னும் தலைமை நிர்வாகிக் கணக்குக்கும் ஷேடோ குழுவுக்கும். ரெட் ஹேட் லினக்ஸில் 000, அதாவது அனுமதித் தடையைக் கடக்க வல்ல ரூட்டைத் தவிர யாருக்கும் இல்லை. அதோடு, அது பாஸ்வேர்டு கோப்பை வரிக்கு வரி பின்தொடர்கிறது. நிழல் அமைச்சரவை, நிழல் நிதிநிலை அறிக்கை என்று ஒன்றுக்கு இணையாக நடப்பதைத் தமிழில் ஏற்கெனவே சொல்கிறோம். அந்தப் பொருளே இங்கும் பொருந்துகிறது.

நிழல் கோப்பின் வரியில் ஒன்பது புலங்கள்: பெயர், ஹாஷ், கடைசியாக மாற்றிய நாள், குறைந்தபட்ச நாள், அதிகபட்ச நாள், முன்னெச்சரிக்கை நாள், செயலற்ற காலம், கணக்கு முடியும் நாள், ஒதுக்கி வைத்த ஒன்று. தேதிகள் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய நாட்கள். மூன்றாம் புலத்தில் 0 போட்டால் அடுத்த முறை நுழையும்போது பயனர் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். புதிய ஊழியருக்குத் தற்காலிகக் கடவுச்சொல் தரும்போது இதைத் தவறாமல் செய்யுங்கள். எட்டாம் புலத்தில் 0 வேண்டாம்: ‘முடிவே இல்லை’ என்றும் ‘1970லேயே முடிந்தது’ என்றும் இருவிதமாகக் கொள்ளப்படலாம்.

இரண்டாம் புலத்தில்தான் தவறுகள் அதிகம். ஹாஷ் டாலர் குறிகளுக்கு நடுவே 6 என்று தொடங்கினால் ஷா-512, ஒய் என்று தொடங்கினால் யெஸ்க்ரிப்ட். இதை ‘மறையாக்கம் செய்த கடவுச்சொல்’ என்பது பிழை. மறையாக்கியதைத் திறவி கொண்டு மீட்கலாம். ஹாஷிலிருந்து மீட்க வழியில்லை. ஆகவே மறந்த கடவுச்சொல்லை நிர்வாகியாலும் சொல்ல முடியாது, புதிது வைத்துத் தரத்தான் முடியும். நட்சத்திரக் குறி இருந்தால் கடவுச்சொல்லால் நுழைய முடியாது. ஹாஷின் முன் வியப்புக்குறி இருந்தால் கடவுச்சொல் பூட்டப்பட்டுள்ளது. வெற்றாக இருந்தால், அமைப்பு அனுமதிக்கும் இடங்களில், கடவுச்சொல்லே கேட்காது! பூட்டுவதாக நினைத்து ஹாஷை அழித்துவிடுவது ஆபத்தான பிழை.

பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையின் பூட்டு விருப்பம் வியப்புக்குறியை மட்டுமே சேர்க்கிறது. விலகிப்போன ஊழியரின் எஸ்எஸ்ஹெச் திறவி (கடவுச்சொல் இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவுவது) முகப்பு அடைவில் இருந்தால், பாம் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறை வழி இயங்கும் சேவையகத்தில் அவர் இன்னும் உள்ளே வரலாம். காலக்கெடுவை மாற்றும் சேஜ் கட்டளையின் ஆங்கிலப் பெரிய எழுத்து ஈ விருப்பத்தில் 1 கொடுத்துக் கணக்கையே முடித்துவைப்பதுதான் முழுப் பூட்டு.

கோப்பைக் கையால் திருத்த வேண்டிவந்தால் சாதாரணத் தொகுப்பானில் திறக்காதீர்கள். அதே நேரத்தில் யாராவது கடவுச்சொல் மாற்றினால், நீங்கள் சேமிக்கும்போது அந்த மாற்றம் அழிந்துபோகும். விஐபிடபிள்யூ கட்டளை பாஸ்வேர்டு கோப்பைப் பூட்டிவிட்டுத் திறக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்து எஸ் விருப்பத்தைச் சேர்த்தால் நிழல் கோப்பைத் திறக்கும். திருத்தியபின் பிடபிள்யூசிகே கட்டளையை ஓட்டினால் இரண்டு கோப்புகளில் ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கும் வரிகளைக் காட்டிவிடும். இன்னொரு முனையத்தில் ரூட்டாக நுழைந்த நிலையிலேயே இருங்கள்; புதிய அமர்வில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே அதை மூடுங்கள். எட்சி அடைவைக் காப்புநகல் எடுக்கும்போது நிழல் கோப்பும் கூடவே போகும் என்பதால், அந்தக் காப்பகத்துக்கு, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற அனுமதி 600 வையுங்கள்.