பாரம் வேறு, சூடு வேறு

"ஏல, கத்திரி வெயில்ல ஆறு கிலோ போர்வையா? இருக்கிற புழுக்கம் போதாதாக்கும்?" நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றே பாரம் சேர்த்துத் தைத்த எடைப் போர்வையைப் பற்றிப் பாளையங்கோட்டை வீட்டில் பேச்சை எடுத்ததும் ஆச்சி கேட்டது இது. நியாயமான கேள்விதான்.

போர்வை கதகதப்பாக இருப்பது எடையால் அல்ல, இழைகளுக்குள் அடைபட்ட காற்றால். கம்பளி சூடு காப்பதும் அப்படித்தான். எடைப் போர்வையின் பாரமோ உள்ளே தைத்த கண்ணாடி மணிகளிலிருந்து வருகிறது. மணிகள் உறுத்தாமலிருக்கச் சுற்றிலும் பாலியஸ்டர் பஞ்சை அடைப்பார்கள் பாருங்கள், புழுக்குவது அதுதான். நம்மூருக்குப் பஞ்சில்லாத, பருத்தித் துணியில் தைத்த மெல்லிய போர்வையே ஏற்றது. மணி நிரப்பாமல், கனத்த கயிறாகக் கண்ணி விட்டுப் பின்னியவையும் உண்டு. கண்ணி வழியே ஃபேன் காற்று நுழையும்.

பாரம் ஏன் இதம்? உடம்பில் பரவலாக, சீராக விழும் அழுத்தம் பதற்றத்தைத் தணிக்கிறது என்கிறார்கள். ஊசி போடும்போது அசையாமல் நெருக்கிப் பிடிக்கும் கூண்டுக்குள் மாடுகள் அமைதியாவதைக் கண்ட டெம்பிள் கிராண்டின் (ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர்), இளம் வயதிலேயே தனக்கென ஓர் அழுத்தும் எந்திரம் செய்துகொண்டார். 1992-ல் அதுபற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். ஸ்வீடனில் 2020-ல் வெளியான ஆய்வில், மனநலச் சிக்கலோடு உறக்கமின்மையும் இருந்த 120 பேரில் ஒரு பகுதியினருக்கு 6 முதல் 8 கிலோ போர்வை, மற்றவர்களுக்கு ஒன்றரைக் கிலோ. நான்கு வாரத்தில் கனத்த போர்வைக்காரர்களுக்கே தூக்கம் கூடுதலாகத் தேறியது. ஆனால் கையில் எடுத்ததுமே எது கனமென்று தெரிந்துவிடுமே! நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, பாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சிரமம். பிரிட்டனில் 2014-ல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ள 67 குழந்தைகளிடம் சோதித்தபோது தூங்கும் நேரம் கூடவில்லை. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் போர்வை மட்டும் பிடித்துப்போனது. எனக்கு இந்த முடிவுதான் நம்பும்படியாக இருக்கிறது. இது மருந்தல்ல, ஒரு சுகம்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கடைக்காரர் கணக்கு: 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 120-க்கு 180 செ.மீ. போர்வையில் அந்த 6 கிலோ, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.8 கிலோவாக அழுத்தும். இருவர் படுக்கும் 200-க்கு 200 அளவில் அதே எடை சதுர மீட்டருக்கு 1.5 கிலோதான், மீதிப் பாரமெல்லாம் உங்கள்மேல் விழாமல் பக்கத்தில் கிடக்கும். ஆளுக்கொன்று வாங்குவதே சரி. அதற்கும் முன்னால், சமுக்காளத்தை நாலாக மடித்துத் தொடைமேல் போட்டுக் கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்கள். இதமாக இல்லையென்றால் காசு மிச்சம்.

உறக்கம் வர உடம்பின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும். கை, கால் வழியே சூடு வெளியேறும். எனவே பாதத்தை வெளியே நீட்டிக்கொள்ளலாம். இலவம்பஞ்சு மெத்தையும் காற்றை அடைத்து வைப்பதுதான். அதற்குப் பதில் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தால் சூடு தரைக்கு இறங்கும்.

கைக்குழந்தைக்கு இது கூடவே கூடாது. தானாக விலக்க முடியாத முதியவர், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கழற்றித் துவைக்கும் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழுப் போர்வையும் நனைந்தால் கொடி தொய்ந்து, மணியெல்லாம் ஒரு பக்கம் சரியும். மொட்டைமாடியில் பாய் விரித்துத்தான் காயப்போட வேண்டும். அதற்குப் பத்தமடைப் பட்டுப்பாயை எடுத்துவிடாதீர்கள், சாதாக் கோரை போதும்.