ரோமானியத் தங்கம் என்று வாங்கும் முன் கம்பியைப் பாருங்கள்

பழைய நகைகளை மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். சில மாதங்களுக்கு முன், இணைய ஏலத்தில் எடுத்த தங்கக் காதணி ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். ரோமானியருடையது, 1,800 வருஷப் பழசு என்று கூடவே ஒரு சீட்டு. உரைகல்லில் மாற்று நன்றாகவே இருந்தது. அப்புறம் லென்ஸை வைத்துக் கம்பிகளைப் பார்த்தேன். கொக்கி முதல் தொங்கல் வரை எல்லாக் கம்பியிலும் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் நேராக ஓடின. துளைகள் போட்ட தகட்டில் விட்டு இழுத்த கம்பி, பிற்கால வேலை. அவரிடம் சொல்லவே கஷ்டமாக இருந்தது.

ரோமானியப் பொற்கொல்லர்கள் கம்பியைப் பெரும்பாலும் முறுக்கித்தான் செய்தார்கள். தங்கத்தைத் தகடாக அடித்து, மெல்லிய பட்டையாக நறுக்கி, விளக்குத் திரி போலத் திரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே உருட்டுவார்கள். அதனால் கம்பியைச் சுற்றிச் சுருளாக ஒரு கோடு தங்கிவிடும். அது தெரிந்தாலே அசல் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வித்தை தெரிந்த போலிக்காரர்களும் உண்டு. கொக்கியில் மட்டும் நேர்க்கோடு தெரிந்தால் பிற்காலத்தில் மாற்றியதாகவும் இருக்கலாம். எல்லாக் கம்பியிலும் இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

பற்றவைப்பையும் பாருங்கள். செப்புத் தாதுப் பொடியைப் பசையில் குழைத்து, பொடித் தங்க மணிகளைத் தங்கத் தகட்டில் ஒட்டிக் கரி நெருப்பில் சுடுவது ஒரு பழைய முறை. பசை கரியும், தாதுவிலிருந்து செம்பு பிரியும், தொட்ட இடத்தில் மட்டும் தங்கத்தோடு கலக்கும். சுத்தத் தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். இந்தக் கலவை அதற்கு முன்பே இளகிப் பிடித்துக்கொள்ளும். மணியைச் சுற்றிப் பற்றாசு, அதாவது ஒட்டுவதற்கு உருக்கும் உலோகம், வழிந்து தேங்கியிருக்காது. எனக்கு இன்றும் பிரமிப்பு தரும் வேலை இது.

இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் 1992இல் கிடைத்த ரோமானியப் புதையலில் ஒரு தங்கக் காப்பு உண்டு. தகட்டைத் துளைத்து வெட்டி, 'சீமாட்டி ஜூலியானா, இதை மகிழ்ச்சியோடு அணிந்துகொள்' என்ற பொருளில் லத்தீன் எழுத்துகளை அமைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இந்த மாதிரித் துளைவேலையில் உளி பட்ட விளிம்புகளில் கைவேலையின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் தெரியும்.

எங்கே, எப்போது கிடைத்தது, எந்த அனுமதியோடு நாட்டைவிட்டு வெளியே வந்தது என்ற காகிதம் இல்லாத நகையை, அசலாகவே இருந்தாலும், வாங்காதீர்கள். அது தோண்டித் திருடியதாக இருக்கலாம். வீட்டில் பழைய நகை ஏதாவது இருந்தால், யாரிடமாவது காட்டும் முன் பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். நான் லென்ஸில் தேடும் சுருள்கோடும் உளித்தடமும் சக்கரத்தில் ஒரு நிமிஷத்தில் தேய்ந்துபோகும். இடுக்கில் மண் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.